கொலனோஸ்கோப்பிக்கு முன்னால்: எந்த மலப் பரிசோதனை, யாருக்கு?

ஒரு சிறு நகரத்து லேபில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே கையில் மஞ்சப்பையோடு இரண்டு பேராவது நிற்பார்கள். அதில் ஒருவர் கதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஆறேழு மாதமாக வயிறு சரியில்லை, சாப்பிட்டு முடித்ததும் பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கிறது, சில நாள் சளி சளியாகப் போகிறது. ஒரு டாக்டர் ஐபிஎஸ் (குடல் எரிச்சல் நோய்) என்றார், இன்னொருவர் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற கொலனோஸ்கோப்பி பார்த்துவிடலாம் என்றார், மூன்றாமவர் கால்ப்ரோடெக்டின் என்று ஒரு மலப் பரிசோதனை எழுதித் தந்திருக்கிறார். சீட்டை நீட்டிவிட்டு, "தம்பி, இதுல எது எடுத்தா போதும்?" என்று கேட்பார்.

நோயைச் சொல்வதும் மருந்து எழுதுவதும் என் வேலை இல்லை. ஆனால் இந்தப் பரிசோதனைகள் எப்படி நடக்கின்றன, எதைச் சொல்லும், எங்கே ஏமாற்றும் என்பது தினமும் கைபடுகிற விஷயம். அதை வைத்து எழுதுகிறேன்.

## ஐபிஎஸ், ஐபிடி: இரண்டு நோயும் எங்கே பிரிகின்றன

ஐபிஎஸ்ஸில் குடலின் அசைவும், குடலும் மூளையும் பேசிக்கொள்கிற விதமும் கெட்டிருக்கும். குடல் சுவரில் புண் இருக்காது. அதற்காக அது மனப்பிரமை என்று அர்த்தமில்லை, வலி நிஜம். கடந்த மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி, அந்த வலிக்கும் மலம் கழிப்பதற்கும் தொடர்பு, போகிற தடவையிலோ மலத்தின் பதத்திலோ மாற்றம், இதெல்லாம் ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஐபிஎஸ்ஸை அடையாளம் காண மருத்துவர்கள் வைத்திருக்கிற, 2016-ல் வந்த ரோம் 4 வரையறையின் சாரம் இதுதான்.

ஐபிடி (குடல் அழற்சி நோய்) வேறு. கிரோன் நோயும் அல்சரேட்டிவ் கொலைடிஸும் இதில் அடக்கம். குடல் சுவரே வீங்கிப் புண்ணாகிறது. அங்கே சண்டைக்கு வருகிற நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் சுவரைத் தாண்டிக் குடலுக்குள் விழுந்து மலத்தோடு வெளியே போகின்றன. அழற்சியைத் தேடுகிற மலப் பரிசோதனைகள் இந்த வெள்ளணுக்களின் தடயத்தைத்தான் தேடுகின்றன. ஐபிஎஸ்ஸில் அந்தத் தடயம் இருக்காது.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இரண்டு முறை செலவு செய்ய வேண்டிவரும். நான் ஐந்து கேள்விகள் கேட்பேன். ரிசல்ட் நார்மல் என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா? அதிகம் என்று வந்தால் அது என்ன நோய் என்று சொல்லுமா? வேறு எதெல்லாம் ரிசல்ட்டைக் கெடுக்கும்? நம் ஊரில் சகஜமான அமீபா, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிகள், குடல் காசநோய் போன்றவற்றை இது பிரித்துக் காட்டுமா? கடைசியாக, பில்லில் வராத செலவு என்ன?

அதற்கும் முன்னால் ஒன்று. சிலர் இந்த ஒப்பீட்டுக்குள் வரவே கூடாது. மலத்தில் ரத்தம், எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, விட்டு விட்டுக் காய்ச்சல், ரத்தசோகை, வீட்டில் யாருக்காவது ஐபிடி அல்லது குடல் புற்றுநோய், நாற்பத்தைந்து ஐம்பதைத் தாண்டிய பிறகு புதிதாக ஆரம்பித்த தொல்லை, ஆசனவாய் அருகே சீழ் வைத்து வடிகிற பவுத்திரம். இதில் ஒன்று இருந்தாலும் நேராகக் குடல் நோய் மருத்துவரிடம் போங்கள். சுவரெல்லாம் மூலம், பவுத்திரம் விளம்பரம் எழுதியிருக்கிற ஊர் நம்முடையது. ரத்தம் போனால் மூலம்தான் என்று முடிவு கட்டி வருடக்கணக்கில் தைலம் தடவியவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வருகிற பவுத்திரம் கிரோன் நோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

## சாதாரண மோஷன் டெஸ்ட்

சில நூறு ரூபாய்க்குள் முடிகிற டெஸ்ட். கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம் சலைன், மறுபக்கம் அயோடின், இரண்டிலும் குச்சி நுனியளவு மலம் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். அயோடின் பட்டதும் சிஸ்ட்டுகள் (ஓட்டுக்குள் ஒடுங்கியிருக்கிற ஒட்டுண்ணிகள்) மஞ்சள் பழுப்பாகி, உள்ளே இருக்கும் உட்கருக்கள் தெரியும். சலைனில் சீழ் செல்களும் (வெள்ளணுக்கள்தான்) சிவப்பணுக்களும் தெரியும்.

அழற்சியைக் கண்டுபிடிக்க இது மட்டமான கருவி. வெள்ளணுக்கள் மலத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும். தாமதமாக வந்த சாம்பிளில் 'சீழ் செல் 2 முதல் 4' என்று எழுதினால் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. அமீபாவிலும் சிக்கல் உண்டு. நோய் உண்டாக்குகிற எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகாவும், சும்மா குடியிருக்கிற எண்டமீபா டிஸ்பாரும் சிஸ்ட் நிலையில் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். உயிரோடு நகர்கிற அமீபா சிவப்பணுவை விழுங்கியிருப்பதைப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். அதைப் பார்க்க, இளகிய மலம் வெளியே வந்த அரை மணி நேரத்துக்குள் தகட்டில் ஏற வேண்டும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்த சாம்பிளில் அது நடக்காது.

ஆனாலும் நம் ஊரில் இதைத் தாண்டிப் போகக்கூடாது என்பேன். ஜியார்டியா பல வாரம் வயிற்றைக் கெடுத்து, ஐபிஎஸ் மாதிரியே நடிக்கும். ஒரு சாம்பிளில் சிக்காமல் போகும் என்பதால் வெவ்வேறு நாளில் மூன்று சாம்பிள் பார்ப்பது பழைய, நல்ல வழக்கம். கிருமியின் புரதத்தையே தேடுகிற ஆன்டிஜென் டெஸ்ட் கிடைத்தால் அது இன்னும் நம்பகமானது. பில்லில் வராத செலவு: 'சிஸ்ட்' என்ற ஒரு வார்த்தையைப் பார்த்து நாலு முறை மெட்ரோனிடசோல் என்ற அமீபா மாத்திரையைச் சாப்பிடுவது. வாய் கசந்து, சாப்பாடு இறங்காமல், வயிறு அதே நிலையில் இருக்கும்.

## கால்ப்ரோடெக்டின்

பெரும்பாலானவர்களின் குழப்பம் இதில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நியூட்ரோஃபில் செல்லின் சைட்டோபிளாசத்தில் இருக்கிற புரதத்தில் ஏறக்குறைய பாதி இதுதான். 1980-ல் நார்வேயில் மாக்னே ஃபாகர்ஹோலின் குழு இதைப் பிரித்தெடுத்தது. மலத்தில் அளக்கிற முறை 1992-ல் வந்தது. கால்சியத்தோடு சேர்ந்திருப்பதால் குடல் பாக்டீரியாவால் இதை எளிதில் சிதைக்க முடியாது. செல் உடைந்து போனாலும் புரதம் மிஞ்சும். மைக்ராஸ்கோப்பில் எங்களிடம் தப்பித்த வெள்ளணு இங்கே மாட்டிக்கொள்ளும்.

அளவு, மலத்தின் ஒரு கிராமுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று வரும். 50-க்குக் கீழே என்றால் நார்மல் என்பது பரவலான எல்லை. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கிற நைஸ் அமைப்பு 2013-ல், புற்றுநோய் சந்தேகம் இல்லாத பெரியவர்களிடம் ஐபிஎஸ்ஸையும் ஐபிடியையும் பிரிக்க இதைப் பரிந்துரைத்தது. அமெரிக்கக் குடல் நோய் மருத்துவர் சங்கமும் 2019-ல், நாள்பட்ட நீர்ப்பேதிக்கு இதையோ, இதே மாதிரியான லாக்டோஃபெரின் டெஸ்டையோ பார்க்கச் சொன்னது. இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் வகுத்த நடைமுறை இன்னும் நிதானமானது: 100-க்குக் கீழே இருந்தால் ஐபிஎஸ்ஸாகவே வைத்தியம் பார், 100-ஐத் தொட்டால் மறுபடி ஒரு முறை எடு, அப்போதும் 250-ஐத் தாண்டினால் அவசரமாகக் குடல் மருத்துவரிடம் அனுப்பு.

எவ்வளவு நம்பலாம்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், ஐபிடி இருக்கிற பெரியவர்கள் நூறு பேரில் 93 பேரை இது பிடித்தது. இல்லாத நூறு பேரில் 96 பேரை 'இல்லை' என்று சரியாகச் சொன்னது. அந்த நோயாளிகள் ஏற்கெனவே சந்தேகத்தோடு நிபுணர்களிடம் வந்தவர்கள் என்பதை மறக்கக்கூடாது. இப்போது நம் தெரு டாக்டரிடம் வயிற்று வலி என்று வருகிற ஆயிரம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்குக்கு, அதில் 50 பேருக்கு ஐபிடி இருக்கிறது என்று வைப்போம். அந்த ஐம்பதில் 46, 47 பேர் மாட்டுவார்கள். மீதி 950-இல் 38 பேருக்கு நோயில்லாமலே அளவு அதிகம் என்று வரும். ஆக, அதிகம் என்று வந்த 85 பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஐபிடி இல்லை. நார்மல் என்று வந்த 915 பேரிலோ தப்பிப்போனவர்கள் மூன்று நான்கு பேர்தான். 'இல்லை' என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். 'அதிகம்' என்று சொன்னால் விசாரணை அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

அந்த விசாரணையில் முதலில் கேட்க வேண்டியது வலி மாத்திரை. ஒரு கல்லூரி மாணவி ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு கவுன்டரிலேயே அழுதார். அளவு 168. போனில் தேடி கிரோன் என்று படித்துவிட்டார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். கழுத்து வலிக்கு இரண்டு மாதமாக டைக்ளோஃபினாக், அதோடு வயிறு எரியாமல் இருக்க பேன்டோப்ரசோல். இரண்டுமே அளவை ஏற்றக்கூடியவை. அவருடைய டாக்டரிடம் இதைச் சொல்லச் சொன்னேன். அவர் இரண்டையும் நிறுத்தி, ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். வந்தது 41. இடையில் அந்த ஆறு வாரமும் அந்தப் பெண் தூங்கியிருக்க மாட்டார். முதல் நாளே யாராவது மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தால் அது மிச்சமாகியிருக்கும்.

ஆஸ்பிரின், சால்மொனெல்லா மாதிரி தொற்று, ரத்தம் வடிகிற மூலம் இவையும் ஏற்றும். நான்கு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு இயல்பாகவே அதிகம் இருக்கும், பெரியவர்களின் எல்லையை அவர்களுக்கு வைக்கக்கூடாது. ஒரே ஆளுக்கு ஒரு நாளைக்கும் மறு நாளைக்கும் மாறும். கம்பெனிக்குக் கம்பெனி கிட் மாறினால் எண்ணும் மாறும், அதனால் மறுமுறை எடுப்பதை அதே லேபில் எடுங்கள்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு வலையும் இருக்கிறது. குடல் காசநோய் சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பிடிக்கும், கிரோனும் அங்கேதான் பிடிக்கும். இரண்டிலும் கால்ப்ரோடெக்டின் ஏறும். எண்ணை மட்டும் பார்த்துக் கிரோன் என்று ஸ்டீராய்டு ஆரம்பித்தால், உள்ளே காசநோய் இருந்தால் அது பரவும். அதனால்தான் அளவு மிக அதிகமாக வந்தவருக்கு கொலனோஸ்கோப்பியில் சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்காமல் முடியாது.

நார்மல் என்று வந்தும் நிம்மதியாக இருக்க முடியாத இடங்கள் உண்டு. கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத செலியாக் நோயில் இது நார்மலாகவே இருக்கலாம், அதற்கு ரத்தத்தில் டிடிஜி டெஸ்ட் வேண்டும். வயதான பெண்களுக்கு நீராகவே போகிற மைக்ராஸ்கோப்பிக் கொலைடிஸிலும் அப்படி நடக்கும். புற்றுநோய்க்கு இது டெஸ்ட்டே இல்லை.

பெரிய லேப்களில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். எங்களைப் போன்ற லேப்கள் சாம்பிளை வெளியூருக்கு அனுப்புகின்றன, ரிசல்ட் வர நாலைந்து நாள். மறுபடி எடுக்க வேண்டிவரும் என்று முதலிலேயே எண்ணி இரண்டு மடங்கு பணத்தைக் கணக்கில் வையுங்கள்.

## லாக்டோஃபெரின்

இதுவும் நியூட்ரோஃபிலில் இருந்து வருகிற புரதம்தான், இரும்பைப் பிடித்து வைக்கும் வகை. திறமையில் கால்ப்ரோடெக்டினுக்குப் பெரிதாகக் குறையில்லை. நம் பக்கத்தில் குறைவாகவே செய்கிறார்கள், மறுமுறை ஒப்பிட ஆள் இல்லாமல் போகும். டாக்டர் குறிப்பாக எழுதினால் எடுங்கள். இரண்டையும் சேர்த்து எடுப்பது வீண் செலவு.

## மறைந்த ரத்தம் பார்க்கும் டெஸ்ட்

இதில் இரண்டு வகை. பழைய குவாயக் முறையில் ஆட்டுக்கறி சாப்பிட்டிருந்தால் பொய்யாகப் பாசிட்டிவ் வரும், வைட்டமின் சி மாத்திரை அதிகம் எடுத்தால் பொய்யாக நெகட்டிவ் வரும். ஃபிட் என்ற புது முறை மனித ஹீமோகுளோபினின் புரதத்தை மட்டும் பிடிப்பதால் சாப்பாட்டுப் பத்தியம் வேண்டாம்.

பலர் இதைக் கால்ப்ரோடெக்டினுக்கு மலிவான மாற்றாக நினைக்கிறார்கள். இரண்டும் பதில் சொல்வது வேறு வேறு கேள்விக்கு. ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக மலம் போகிற விதம் மாறினால், முதல் பயம் பெருங்குடல் புற்றுநோய். அங்கே கொலனோஸ்கோப்பிக்கு முன்னால் மலத்தில் ஏதாவது பார்ப்பதென்றால் ஃபிட்தான் பொருத்தம். சிறுகுடலில் மட்டும் இருக்கிற கிரோன் இதில் தெரியாமலே போகலாம். மாதவிடாய் நாட்களில் எடுக்காதீர்கள்.

## ஈஎஸ்ஆர், சிஆர்பி

இரண்டும் உடம்பில் எங்கேயாவது அழற்சி இருக்கிறதா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனைகள். மலத்தைக் கையாள அருவருப்பாக இருக்கிறது, ரத்தத்திலேயே பார்த்துவிடுங்கள் என்பார்கள். அல்சரேட்டிவ் கொலைடிஸ் இருக்கிற பலருக்கு சிஆர்பி நார்மலாக இருக்கும். ஈஎஸ்ஆர் எதற்கு வேண்டுமானாலும் ஏறும். ஹீமோகுளோபின் பார்ப்பது மட்டும் இதையெல்லாம்விட உபயோகம்.

## நேரடியாகக் கொலனோஸ்கோப்பி

கடைசி வார்த்தை சொல்வது இதுதான். கண்ணால் பார்க்கலாம், துணுக்கு எடுக்கலாம், காசநோயா கிரோனா என்று தேடலாம். ஆனால் வயிற்றைக் கழுவ இரண்டு முதல் நான்கு லிட்டர் மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். எலுமிச்சை வாசனை போட்டிருந்தாலும் கடைசி டம்ளர் இறங்காது. மயக்க ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்ட முடியாது, கூட ஒருவர் வர வேண்டும், இரண்டு பேரின் ஒரு நாள் சம்பளம் போகும். குடலில் ஓட்டை விழும் ஆபத்து மிகக் குறைவு, இல்லாமல் இல்லை.

எடுப்பதென்று முடிவானால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள்ளும் குழாய் போகுமா? பேதி உள்ளவருக்கு, பார்க்க நன்றாக இருந்தாலும் துணுக்கு எடுப்பார்களா? மைக்ராஸ்கோப்பிக் கொலைடிஸில் குடல் கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| பரிசோதனை | நார்மல் என்றால் | அதிகம் என்றால் | எது கெடுக்கும் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| மோஷன் டெஸ்ட் | ஐபிடி இல்லை என்று சொல்லாது | ஜியார்டியா, புழு முட்டை போன்றவை தெரியும் | தாமதமான சாம்பிள் | தேவையில்லாத மெட்ரோனிடசோல் |
| கால்ப்ரோடெக்டின் | ஐபிடி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு | அழற்சி உண்டு, பெயர் தெரியாது | வலி மாத்திரை, தொற்று, வயது | மறுமுறை எடுப்பது, காத்திருக்கும் பயம் |
| லாக்டோஃபெரின் | மேலே உள்ளதே | மேலே உள்ளதே | தொற்று | மறுமுறை ஒப்பிட லேப் கிடைக்காது |
| ஃபிட் | புற்றுநோய் பயம் குறையும், கிரோனை விலக்காது | கொலனோஸ்கோப்பி வேண்டும் | மூலம், மாதவிடாய் | நெகட்டிவ் என்று தொல்லையை மறப்பது |
| சிஆர்பி | விலக்க முடியாது | எங்கேயோ அழற்சி | சளி, காய்ச்சல், எதுவும் | பொய்யான நிம்மதி |
| கொலனோஸ்கோப்பி | துணுக்கும் நார்மலென்றால் பெருங்குடலுக்கு உறுதி | நோயின் பெயர் கிடைக்கும் | சரியாகக் கழுவாத குடல் | ஒரு நாள் சம்பளம், துணைக்கு ஆள் |

## யாருக்கு எது

இருபது, முப்பது வயது, ஆபத்து அடையாளம் எதுவும் இல்லை, பரீட்சை அல்லது வேலை நெருக்கடியில் கூடுகிற வலி என்றால்: மோஷன் டெஸ்ட், ஹீமோகுளோபின், டிடிஜி, அதோடு ஒரு கால்ப்ரோடெக்டின். எல்லாம் சரியென்றால் கொலனோஸ்கோப்பி வேண்டியதில்லை என்று டாக்டர் துணிந்து சொல்லலாம். இந்த வயதுக்காரர்களுக்குத்தான் கால்ப்ரோடெக்டினுக்குக் கொடுக்கிற பணம் மிகவும் பிரயோஜனப்படுகிறது.

பேதி ஆரம்பித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லையா? கால்ப்ரோடெக்டின் இப்போது வேண்டாம். தொற்றாக இருந்தால் ஏறித்தான் இருக்கும், வீணாகப் பயப்படுவீர்கள். மோஷன் டெஸ்ட் போதும், அடங்காவிட்டால் பிறகு பார்க்கலாம்.

மூட்டு வலிக்குத் தினமும் மாத்திரை போடுகிறவர், டாக்டரைக் கேட்டுச் சில வாரம் நிறுத்த முடிந்தால் நிறுத்திவிட்டு எடுங்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் தாமாக நிறுத்தவே கூடாது. மாத்திரைப் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும்.

ஐம்பதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த தொல்லை, அல்லது நான் முதலில் சொன்ன மற்ற அடையாளங்களில் ஒன்று இருந்தால், கொலனோஸ்கோப்பிக்கு நாள் குறிப்பதுதான் வேலை. ரத்தம் போகிறவருக்குக் கால்ப்ரோடெக்டின் நார்மல் என்று வந்தாலும் ரத்தத்துக்குக் காரணம் கண்டுபிடித்தே ஆக வேண்டும். அப்புறம் எதற்கு அந்த டெஸ்ட்?

ஏற்கெனவே ஐபிடி என்று உறுதியாகி மருந்து சாப்பிடுகிறவருக்குக் கேள்வியே வேறு. நோய் அடங்கியிருக்கிறதா, மறுபடி கிளம்புகிறதா என்று பார்க்க இதே கால்ப்ரோடெக்டினைச் சில மாதத்துக்கு ஒரு முறை எடுப்பார்கள். அங்கே ஒரு தனி எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம்.

## சாம்பிள் எடுக்கும்போது

ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் கொண்டுவருகிறார்கள். சோப்பு மிச்சம் இருந்தால் அமீபா செத்துவிடும். லேபில் கொடுக்கிற, மூடியோடு சிறு கரண்டி ஒட்டியிருக்கிற டப்பாவை வாங்கிப் போங்கள். கழிவறைத் தண்ணீரும் சிறுநீரும் படாமல் பழைய பிளாஸ்டிக் தட்டிலோ கவர் மேலோ போய்விட்டு, கரண்டியால் மூன்று நான்கு இடத்தில் தொட்டு எடுங்கள். சளியோ ரத்தமோ இருந்தால் அந்த இடத்தையும் தொடுங்கள். சுண்டைக்காய் அளவு போதும், டப்பாவை நிரப்ப வேண்டாம். கால்ப்ரோடெக்டினுக்குக் காலையில் முதல் முறை போவது நல்லது. அன்றே கொடுக்க முடியாவிட்டால் பிரிட்ஜில் ஒரு கவருக்குள் வைக்கலாம். அமீபா பார்க்க வேண்டியது மட்டும் பிரிட்ஜில் போகக்கூடாது, லேபுக்கு வந்து அங்கேயே போய்க் கொடுப்பதுதான் சரி. கூச்சப்படாதீர்கள், எங்களுக்கு இது தினப்படி வேலை. டப்பாவின் மேல் பெயரோடு எத்தனை மணிக்கு எடுத்தது என்றும் எழுதுங்கள், அந்த நேரத்தைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.